பேர்கனில் இரண்டு நாள்: மலையைப் பூங்கா என்று நினைத்து வராதீர்கள்

அக்டோபர் மாதம், சனிக்கிழமை, மாலை 5.20. நோர்வேயின் பேர்கன் நகரில், வீட்டில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"அண்ணை, எல்லாப் பக்கமும் வெள்ளையாக் கிடக்குது. இதில இருந்து ஃபுளோயனுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?"

லண்டனில் இருந்து மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் வார இறுதிக்கு வந்தவர். முதல் நாள் மாலைதான் அவர்களுக்குப் பழைய துறைமுகத்தைச் சுற்றிக் காட்டியிருந்தேன். மறுநாள் மதியம் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் கேபிள் காரில் உல்ரிக்கன் மலைக்கு ஏறியிருக்கிறார்கள். மேலே ஒரு பலகையில் ஃபுளோயன் என்று அம்புக்குறி போட்டிருந்ததாம். அங்கே நடந்து போய், அந்தப் பக்கத்து மலை ரயிலில் இறங்கினால் இரண்டு மலையும் பார்த்ததாகிவிடும் என்று திட்டம். ஜீன்ஸ், ஓட்டச் சப்பாத்து, ஒரு குடை, ஒரு சிப்ஸ் பைக்கற். போனில் 11 வீதம் சார்ஜ்.

கடைசியாகக் கல் அடுக்கை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். "கல் அடுக்கெண்டால்?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அந்த மலை முழுக்க வழி காட்டுவது அந்தக் கல் அடுக்குகள்தான். போனை வைத்துவிட்டு உடனே 112 ஐ அழையுங்கள், இருக்கிற இடத்தை விட்டு அசையாதீர்கள், பாறை மறைவில் நான்கு பேரும் ஒட்டி உட்காருங்கள் என்றேன். இரவு ஒன்பதரைக்குத்தான் மீட்புக் குழுவினர் அவர்களைக் கீழே கொண்டுவந்தார்கள். மனைவிக்குக் கணுக்கால் சுளுக்கு. சின்னவனுக்கு நடுக்கம் நிற்கவே நெடுநேரம் ஆனது. அவ்வளவோடு தப்பியது.

நான் இந்த ஊரில் பதினான்கு வருடமாக வழிகாட்டியாக இருக்கிறேன். அந்த வருடத்தில் எனக்கு இப்படி வந்த மூன்றாவது அழைப்பு அது. மூன்று பேரும் பிறகு என்னிடம் சொன்னது ஒரே வசனம்: "643 மீட்டர்தானே அண்ணை."

இந்த 643 தான் என்னைக் கொல்கிறது. உல்ரிக்கனின் உயரம் அது. எங்கள் ஆட்களுக்கு மலை என்றால் நுவரெலியா, கொடைக்கானல். நுவரெலியா 1,868 மீட்டர். கொடைக்கானல் இரண்டாயிரத்துக்கும் மேல். அங்கே வாகனம் போகிறது, கடை இருக்கிறது, மரக்கறித் தோட்டம் இருக்கிறது, ஸ்வெட்டர் போட்டால் போதும். அந்தக் கணக்கில் பார்த்தால் 643 ஒரு மேடு. ஆனால் பேர்கன் இருப்பது வட அகலக்கோடு 60 பாகைக்கும் மேலே. இங்கே உல்ரிக்கன் உச்சியில் ஒதுங்குவதற்கு ஒரு மரம் கிடையாது. பாறை, புல், சேறு, குட்டை, அவ்வளவுதான். அத்திலாந்திக்கில் இருந்து வருகிற காற்று நேராக வந்து உங்கள் முகத்தில் அடிக்கும். ஊருக்குள் ஒன்பது பாகை வெப்பம் என்றால் உச்சியில் ஐந்து. அதில் மழை, அதில் காற்று, அதில் நனைந்த ஜீன்ஸ். ஈரத்துணி சுற்றிய பானையில் தண்ணீர் எப்படிக் குளிரும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. அந்தப் பானை நீங்கள்தான்.

"கேபிள் கார் போகிற இடத்தில் என்ன ஆபத்து?" இது அடுத்த கேள்வி. ஆபத்தே கேபிள் காரால்தான் வருகிறது. நடந்து ஏறுகிறவர்களுக்கு நேபாள ஷெர்ப்பாக்கள் கட்டிய 1,333 கற்படிகள் இருக்கின்றன. அதில் ஏறினால் முன்னூறாவது படியிலேயே உங்கள் முழங்கால் உங்களுக்கு உண்மையைச் சொல்லிவிடும். கேபிள் கார் சில நிமிடங்களில் தூக்கி மேலே வைத்துவிடுகிறது. உடம்பு இன்னும் ஊருக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். இன்னொன்று, காற்று பலத்தால் கேபிள் கார் நின்றுவிடும். திரும்பும் வழியை அதை மட்டும் நம்பி வைக்காதீர்கள்.

உல்ரிக்கனில் இருந்து ஃபுளோயனுக்குப் போகிற பாதைக்கு வீடன் என்று பெயர். ஏறத்தாழ 15 கிலோமீட்டர். பழகிய காலுக்கு ஐந்தாறு மணித்தியாலம். இந்த ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சாதாரணமாக நடப்பார்கள், எழுபது வயது அம்மா ஒருவர் உங்களை முந்திக்கொண்டு போவார். அவரைப் பார்த்து நீங்கள் சூடுபோட்டுக்கொள்ள வேண்டாம். அவர் ஐந்து வயதில் தொடங்கியவர், அவருடைய முதுகுப்பையில் உலர்ந்த கம்பளிக் காலுறை, சுடுதண்ணிப் போத்தல், வரைபடம் எல்லாம் இருக்கும். மூடுபனி இறங்குகிறது என்றால் வெட்கப்படாமல் திரும்பிவிடுவார். நோர்வேயில் மலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒன்பது விதிகள் உண்டு. பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அதில் ஒன்று, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்பது. நம்மவர்கள் காசு கொடுத்து டிக்கெட் எடுத்துவிட்டால் திரும்ப மாட்டார்கள்.

சரி, மலையை விட்டு மழைக்கு வருவோம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'பேர்கன்?' என்று கேள்விக்குறியோடு எழுதி வைத்திருக்கிறார்கள். அது ஒரு கலைப்படைப்பு. மழையைப் பார்த்ததும் எழும் கேள்வி என்று நான் விருந்தினர்களுக்குச் சொல்வேன். 2006 அக்டோபர் 29 தொடங்கி 2007 ஜனவரி 21 வரை 85 நாள் ஒரு நாள் விடாமல் மழை பெய்த ஊர் இது. கடலில் இருந்து வருகிற ஈரக்காற்றை ஊரைச் சுற்றியுள்ள ஏழு மலைகளும் மறித்து நிற்கின்றன, வேறு என்ன நடக்கும்? குடை கொண்டுவரலாம், ஆனால் காற்றில் அது வௌவால் மாதிரித் தலைகீழாகப் புரளும். தலைமூடி வைத்த மழைக்கோட்டு கொண்டுவாருங்கள். உடம்போடு ஒட்டிய உடுப்பு கம்பளியாக இருக்கட்டும். பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில் பனி உருகி மறுபடி உறைந்து தெருவே கண்ணாடி மாதிரிக் கிடக்கும். சப்பாத்தின் அடியில் மாட்டுகிற முள்வார் கடைகளில் கிடைக்கிறது. அதற்குக் கணக்குப் பார்த்துவிட்டு மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்தத் திட்டப் பட்டியல்கள். வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை திரும்புகிறவர்கள் எனக்கு அனுப்புகிற பட்டியலில் ஃபுளோம் ரயில், துரொல்துங்கா பாறை, வடதுருவ ஒளி மூன்றும் இருக்கும். வடதுருவ ஒளிக்குப் பெயர்போன துரொம்சோ, பேர்கனில் இருந்து பறவை பறக்கிற தூரத்தில் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். லண்டன் அதைவிடக் கிட்ட. யோசித்துப் பாருங்கள், லண்டனில் இருந்து வந்து இறங்கிவிட்டு, வந்த தூரத்தைவிட அதிகம் போக வேண்டிய ஒன்றை ஹோட்டல் யன்னலில் தேடுகிறீர்கள். எப்போதாவது இங்கேயும் தெரியும், ஆனால் அதை நம்பி டிக்கெட் போடக் கூடாது. நள்ளிரவுச் சூரியனும் இங்கே இல்லை. ஜூனில் இரவு பதினொரு மணிக்குப் பிறகு மறையும், நாலு மணிக்கெல்லாம் எழும்பிவிடும். டிசம்பரிலோ பகல் ஆறு மணித்தியாலம்கூட இல்லை. துரொல்துங்கா, போய்வர நாள் முழுக்க நடக்கிற மலைப்பயணம். அதற்கு முன் அந்த ஊருக்கே சில மணித்தியாலம் வாகனத்தில் போக வேண்டும். அதை எழுதுகிறவர்களிடம் நான் இப்போது வாதாடுவதில்லை, பட்டியலில் இருந்து கோடு போட்டுவிடுகிறேன்.

ஃபுளோம் ரயில் அருமையானது, 20 கிலோமீட்டரில் 866 மீட்டர் இறங்குகிறது. ஆனால் ரயில், படகு, பேருந்து என்று மாறி மாறி அந்தச் சுற்று ஒரு முழுப் பகலைத் தின்றுவிடும். இரண்டு நாளில் ஒரு நாள் அதற்குப் போனால் பேர்கனை எப்போது பார்ப்பீர்கள்? ஃபியோர்டு, அதாவது மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே நுழைந்த கடல், பார்த்தே ஆக வேண்டும் என்றால் துறைமுகத்தில் இருந்தே மோஸ்திரவுமன் வரை போய்வருகிற படகு இருக்கிறது, மூன்றரை மணித்தியாலம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வந்துவிடலாம்.

என் கையில் விட்டால் இப்படிச் செய்வேன். மலைக்கு நாள் குறிக்க மாட்டேன். வெள்ளி இரவு 'ஈர்' (Yr) வானிலைச் செயலியில் மணிக்கணக்காகப் பார்த்து, வானம் எப்போது விலகுகிறதோ அப்போது ஃபுளோயன். உல்ரிக்கன் அல்ல, ஃபுளோயன். 1918 முதல் ஓடுகிற சாய்வு ரயில், ஊர் நடுவில் இருந்து 320 மீட்டருக்கு ஏற்றிவிடும். மேலே காடு இருக்கிறது, பிள்ளைகள் விளையாட இடம் இருக்கிறது, கோடையில் ஆடுகள் மேயும். இறங்கும்போது நல்ல பாதையில் முக்கால் மணித்தியாலம் நடந்தே வரலாம். கடைசியில் வருகிற கல் ஒழுங்கைகள் மட்டும் மழையில் வழுக்கும், கைப்பிடியை விடாதீர்கள்.

மழை நேரத்துக்கு 1261 இல் கட்டி முடித்த ஹோக்கன் மண்டபம், நோர்வே ஓவியர் முங்க்கின் ஓவியங்கள் உள்ள கோடே அருங்காட்சியகம். பிரிக்கன் மர வீடுகளை எந்த வானிலையிலும் பார்க்கலாம். ஜெர்மன் வணிகர்கள் நூற்றாண்டுக்கணக்கில் வட நோர்வேயின் காய்ந்த மீனை வாங்கி விற்ற இடம் அது. கருவாட்டு மொத்த வியாபாரம் என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு உடனே விளங்கிவிடும். 80களில் வடக்கே மீன் தொழிற்சாலைகளில் வேலைக்கு நின்ற அண்ணைமார் சிலருக்குக் கண் கலங்குவதும் உண்டு. மழையில் அங்கே பலகை வாழைத்தோல் மாதிரி, தலையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டே நடக்காதீர்கள். மீன் சந்தையில் விலைப்பலகையைப் பார்த்தால் அது 100 கிராமுக்கா கிலோவுக்கா என்று கேட்டுவிட்டு வாயில் வையுங்கள்.

ஞாயிறு பெரிய கடைகள் பூட்டு. பால்மா, மாத்திரை, பிள்ளைகளின் சாப்பாடு எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். பியர் வேண்டியவர்கள் சனி மாலை ஆறு மணிக்கு முன்னால். நகர ரயிலில் டிக்கெட் பார்க்கிற வாயில் இல்லை என்பதால் இலவசம் என்று எண்ணிவிடாதீர்கள், பரிசோதகர் ஏறுவார், தண்டம் பெரிது.

இனி ஒரு கெஞ்சல். மலையில் வழி தவறினால் எனக்கு அழைக்காதீர்கள். எனக்குச் சிறகு இல்லை. 112 காவல்துறை, தேடுதலை நடத்துவது அவர்கள்தான். ஆள் காயம், மயக்கம் என்றால் 113. 'யெல்ப் 113' (Hjelp 113) என்ற செயலியைப் போனில் போட்டு வையுங்கள், நீங்கள் நிற்கிற இடத்தை அது சொல்லிவிடும். உயிர் ஆபத்தில்லாத வருத்தத்துக்கு 116117. அன்று அந்தக் குடும்பம் முதலில் எனக்கு அழைத்ததற்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. மீட்புக்கு ஆயிரக்கணக்கில் பில் வரும் என்று பயந்து ஒன்றரை மணித்தியாலம் தங்களுக்குள் பேசிக்கொண்டே நின்றிருக்கிறார்கள். நோர்வேயில் மலையில் தேடி மீட்பதற்குக் காசு வாங்குவதில்லை. மீட்க வருகிறவர்களில் பலர் தன்னார்வலர்கள், சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு வருகிறவர்கள். இருட்டுவதற்கு முன் அழைத்தால் அவர்களுக்கும் வேலை சுலபம்.

இப்போதெல்லாம் முன்பதிவு கேட்கிறவர்களிடம் நான் பாஸ்போர்ட் படம் கேட்பதற்கு முன் சப்பாத்தின் அடிப் படம் கேட்கிறேன். முதலில் சிரிப்பார்கள். அந்த லண்டன் குடும்பம் வருகிற ஜூனில் திரும்ப வருகிறது. நேற்று நான்கு சோடிகளின் படம் வந்தது. மூன்று பரவாயில்லை. அண்ணையின் சோடி அதே பழைய ஓட்டச் சப்பாத்து, அடி தேய்ந்து வழவழவென்று இருந்தது. வேறு வாங்கிப் படம் அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறேன்.