கோடா: பாட்டின் வாலும் சுரிதகமும்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஏற்காட்டுத் தேவாலயங்களில் பாடற்குழுப் பயிற்சி களைகட்டும். இசைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "அக்கா, இப்போ கோடாவுக்குத் தாவணுமா, இல்ல அப்படியே போகணுமா?" மலையிறங்கிச் சேலத்தில் கீபோர்டு, வயலின் வகுப்புகளுக்குப் போனாலும் இதே கேள்விதான்.

பாட்டை முடித்துவைக்கத் தனியாக வரும் பகுதிதான் கோடா. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதே இங்கே என் கேள்வி. கோடா இத்தாலியச் சொல். வால் என்று பொருள். லத்தீன் மூலம் கௌடா. தாளில் அதன் குறி, வட்டத்தின் குறுக்கே வரைந்த சிலுவை. பாட்டின் கடைசியில் 'டி.சி. அல் கோடா' என்றிருந்தால், டி.சி. என்பது டா காப்போ, அதாவது தலையிலிருந்து. மறுபடி முதலிலிருந்து பாடி, சிலுவை வட்டம் வந்ததும் நடுவிலுள்ளதை விட்டுவிட்டுத் தனியாக எழுதியிருக்கும் கோடாப் பகுதிக்குத் தாவ வேண்டும். முதல் தடவை போகும்போது அந்த வட்டத்தைக் கண்டுகொள்ளக் கூடாது. பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். டி.எஸ். என்றால் டால் சேன்யோ: தலைக்குப் போகாமல், குறி போட்ட இடத்திலிருந்து எடுப்பது.

ஃபீனே வேறு. எழுத்தைப் பார்த்து 'ஃபைன்' என்று படிப்பவர்கள் நிறைய. முடிவு என்பதே அதன் பொருள், ஆனால் தலைக்குத் திரும்பி வந்த பிறகுதான் அது முடிவு. மினுவெட் என்ற நடன இசையும் அதன் நடுவே வரும் டிரியோ என்ற பகுதியும் கொண்ட இசையில், டிரியோ முடிந்ததும் மினுவெட்டை மறுபடி எழுதாமல் 'டி.சி. அல் ஃபீனே' என்று போட்டுவிடுவார்கள். நம் கீர்த்தனைப் புத்தகங்களில் அனுபல்லவியின் கீழே பல்லவியின் முதல் சொல்லை அடைப்புக்குள் போடுவதும் இதே வேலைதான்.

ஆகவே கோடாவுக்கும் 'முடிவு' என்றே சிலர் சொல்லிக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஃபீனே ஓர் இடம். கோடா ஒரு பகுதி. பேத்தோவன் 1804இல் முடித்த மூன்றாம் சிம்பொனியின் முதல் இயக்கத்தில் கோடா மட்டுமே நூறு பார்களுக்கு (இசைத்தாளில் செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட தாளப் பகுதிகளுக்கு) மேல் ஓடும். 'முடிப்பு' என்றும் வைக்க முடியாது. பல்லவி, அனுபல்லவி, சரணத்தை எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்று தமிழிசையார் சொல்வதால் அது சரணத்துக்குப் போய்விட்டது. 'வால்' பொருளுக்குச் சரி, ஆனால் பாடகரிடம் "வாலைப் பாடு" என்று யார் சொல்வது?

நம் யாப்பிலேயே சொல் இருக்கிறது: சுரிதகம். ஒத்தாழிசைக் கலிப்பா என்ற பாவகையில் முதலில் தரவு என்ற தொடக்கப் பகுதி. பிறகு ஒரே வடிவில் தாழிசை மூன்று முறை அடுக்கி வரும். தனிச்சொல் ஒன்று திருப்பிவிட, சுரிதகம் பாட்டை முடிக்கும். அதுவும் கலிப்பாவின் ஓசையை விட்டு ஆசிரியப்பாவாகவோ வெண்பாவாகவோ நடை மாறி வரும். நீர்ச்சுழி போலச் சுரிந்து முடிவதால் இப்பெயர் என்பது உரைகாரர்கள் சொல்லும் காரணம். திரும்பத் திரும்ப வந்த பகுதிகளுக்குப் பின், புதிய நடையில் தனியாக நின்று முடித்துவைக்கும் பகுதி. கோடா செய்வதும் இதுவே.

என் பரிந்துரை இப்படி: கோடாவுக்குச் சுரிதகம், ஃபீனேவுக்கு முற்று, டா காப்போவுக்குத் தலைமீட்சி, டால் சேன்யோவுக்குக் குறிமீட்சி. இரட்டைக்கோட்டின் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்த திருப்பல் குறிக்கு மடக்கு போதும். அந்தச் சொல்லும் யாப்பில் பழகியதுதான்.