மீன் வாடையும் கறுத்த பிளக் பின்னும்

தங்கை வீட்டில் கேக் வெந்துகொண்டிருந்தது. வெனிலா மணத்துக்கு நடுவே மீன் கவுச்சி போல ஒரு வாடை. அன்று அவர்கள் மீனே வாங்கவில்லை. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். ஓவன் பிளக்கை உருவியபோது ஒரு பின் மட்டும் கறுத்திருந்தது. சாக்கெட்டில் அந்தத் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. வாடை அங்கிருந்துதான்.

"எம்.சி.பி. விழவே இல்லையே அண்ணா?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். லைனில் மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்தான் எம்.சி.பி.

அது 2000 வாட் ஓவன். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அதன் பெரிய பிளக்கை, கன்வெர்ஷன் பிளக் ஒன்றின் வழியாக 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகியிருந்தார்கள். பல ஆண்டுகளாக மிக்ஸி ஓடிய சாக்கெட் அது. உள்ளே பின்னைக் கவ்வும் பித்தளைத் தகடு தளர்ந்துவிட்டது. தளர்ந்த இடத்தில் உலோகமும் உலோகமும் ஒன்றிரண்டு புள்ளிகளில்தான் தொடும். அங்கே மின்தடை கூடும்.

அந்தத் தடை ஓர் ஓமில் மூன்றில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொள்வோம். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 500 வாட் மிக்ஸி ஓடும்போது அந்த இணைப்பில் பிறப்பது ஒன்றரை வாட் அளவு வெப்பம், யாருக்கும் தெரியாது. ஓவன் இழுப்பது அதைப்போல நான்கு மடங்கு மின்னோட்டம் என்பதால் வெப்பம் பதினாறு மடங்காகி 25 வாட்டைத் தொடுகிறது. ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் பலவற்றின் திறனும் அதுதான். அதைச் சாக்கெட்டுக்குள் ஒரு மணி நேரம் செருகிவைத்தது போல. சூட்டில் தகடு மேலும் தளர்கிறது, ஆக்சைடு படிகிறது, தடை இன்னும் ஏறுகிறது.

எம்.சி.பி.க்கு இது எதுவும் தெரியாது. லைனில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பதை மட்டுமே அது பார்க்கும். அங்கிருந்தது 10 ஆம்பியர் எம்.சி.பி.; ஓடியது 8.7. அது ஏன் விழப்போகிறது?

ஆகவே இத்தகைய ஓவனுக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் வேண்டும்: 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 16 ஆம்பியர் சாக்கெட், அதற்குரிய எம்.சி.பி. சுவரில் பதிக்கும் ஓவன்கள் சில 3000 வாட்டையும் தாண்டும். ஒயரின் தடிமனை ஓவனின் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். உரிமம் பெற்ற எலெக்ட்ரீசியனிடம் கொடுங்கள். முனைகளின் ஸ்குரூக்களை அவர் இறுக்கி முறுக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

எர்த் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓவனின் சூட்டுக்கம்பி ஓர் உலோகக் குழாய்க்குள் இருக்கிறது. கம்பி குழாயைத் தொடாதபடி மெக்னீசியம் ஆக்சைடு தூளை உள்ளே திணித்திருப்பார்கள். பல மாதம் ஓவனைத் தொடாமல் விட்டால் அந்தத் தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பிறகு போடும்போது கொஞ்சம் மின்சாரம் உடல்பகுதிக்குக் கசியலாம். எர்த் இருந்தால் கசிவு அந்த வழியே போகும். கசிவை உணர்ந்து தானாக விழும் சுவிட்சான 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இணைப்பைத் துண்டிக்கும். "அடிக்கடி விழுகிறது" என்று எர்த் ஒயரைக் கழற்றிவிடும் வீடுகள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கதவைத் தொடும் கைதான் பிறகு எர்த் ஆகும்.

தங்கை வீட்டில் இப்போது தனி லைன். ஒவ்வொரு முறை கேக் வெந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கின் முதுகைத் தொட்டுப் பார்க்கிறாள். இளஞ்சூடு என்றால் சரி. கை வைக்க முடியாமல் சுட்டால் எலெக்ட்ரீசியன் வந்து பார்க்கும்வரை ஓவன் ஓடாது.