கண்ணால் படிப்பவளா, காதால் படிப்பவளா?

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் இந்த வருஷம் பத்தாம் வகுப்பு. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், தூணில் சாய்ந்தபடி நோட்டில் மனித இதயத்துக்கு ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு. கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிப் பாரேன் என்றேன்.

"நான் விஷுவல் டைப் மாமா. செல்லுல டெஸ்ட் எடுத்தேன். எனக்குக் காதுல கேட்டா ஏறாது, கண்ணால பாத்தாத்தான் ஏறும்."

ரத்த வகையைச் சொல்வதுபோல அவ்வளவு உறுதி!

இந்த மாதிரி டெஸ்ட்டுகளில் பிரபலமானது 'வார்க்'. நியூசிலாந்தில் பள்ளி ஆய்வாளராக இருந்த நீல் ஃப்ளெமிங் உருவாக்கி, 1992இல் வெளியுலகுக்கு வந்தது. பார்ப்பது, கேட்பது, படித்து எழுதுவது, செய்து பார்ப்பது என்று நாலு வழி. இதில் உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்கும். அதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்கு மேப் பார்த்துப் போகப் பிடிக்கும். என் மனைவிக்கு டீக்கடையில் நிறுத்தி வழி கேட்டால்தான் திருப்தி. பிடித்த வழியில் சொல்லிக்கொடுத்தால் பாடம் கூடுதலாக மண்டையில் ஏறும் என்கிறார்களே, தகராறு அங்கேதான்.

அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கண் கோஷ்டியில் பாதிப் பேருக்குப் படம் காட்டி, பாதிப் பேருக்கு வாயால் சொல்லி, ஒரே பாடத்தை நடத்த வேண்டும். காது கோஷ்டிக்கும் அப்படியே. கடைசியில் எல்லோருக்கும் ஒரே பரீட்சை. படம் பார்த்தபோது கண் கோஷ்டியும், காதால் கேட்டபோது காது கோஷ்டியும் முந்தினால்தான் கொள்கை சரி. 2008இல் ஹெரால்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் துழாவினார்கள். இப்படி முறையாக நடந்த சோதனைகளே சொற்பம்; அவற்றிலும் பலவும் இந்தக் கொள்கைக்கு எதிராகவே நின்றன. 2015இல் வந்த ஓர் ஆய்வில் சிலருக்கு ஒலிப்புத்தகத்தையும் சிலருக்கு அதே பகுதியைத் திரையில் எழுத்தாகவும் கொடுத்தார்கள். விருப்பத்துக்கும் மார்க்குக்கும் சம்பந்தமே தெரியவில்லை.

ஏன் அப்படி? ஆத்தங்குடிக்குப் போய் டைல்ஸ் போடுவதைப் பார்த்தால் பாதி புரியும். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்குகிறார்கள். அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் சிமெண்ட் வண்ணக் குழம்பு விழுகிறது. அச்சை எடுக்கும் அந்த நொடிதான் முக்கியம். கை நடுங்கினால் சிவப்பு மஞ்சளில் கலந்துவிடும். அப்புறம் காய்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, மேலே கலவை போட்டு, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளையே கிடையாது. பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பையன் எந்த 'டைப்' ஆனாலும் கரண்டி பிடித்துத்தான் பழக வேண்டும். அதேபோல, "ழ" உச்சரிப்பைப் படம் வரைந்து மட்டும் கற்க முடியாது. எந்தப் புலன் என்பதைப் பாடம்தான் முடிவு செய்கிறது, பிள்ளை இல்லை. பாடத்தில் மனசில் தங்குவதும் பெரும்பாலும் அதன் அர்த்தம்தான். அது கண் வழி வந்ததா காது வழி வந்ததா என்பது சீக்கிரம் உதிர்ந்துவிடும்.

பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. டைல்ஸ் பட்டறையில் நான் வண்ணத்தைப் பார்த்தேன். மேஸ்திரி குழம்பின் பதத்தைப் பார்த்தார்.

சரி, எதுதான் உதவுகிறது? 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைச் சிலர் இரண்டு தடவை படித்தார்கள். சிலர் ஒரு தடவை படித்துவிட்டு, அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் இரண்டு தடவை படித்தவர்களே முன்னால்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: 42க்கு எதிராக 56. திரும்பப் படிக்கும்போது வரி பழகிப்போகிறது, அந்தப் பழக்கத்தையே தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். தேடி எடுக்கும் வேலைதான் நினைவைக் கெட்டியாக்குகிறது. அதையும் ஒரே ராத்திரியில் செய்யாமல் நாள் விட்டுச் செய்தால் இன்னும் நல்லது.

பர்மா, மலாயா என்று கடல் தாண்டி நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், நடத்திய வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாகச் சேர்பவன் அடுத்தாள், மேலாள் என்று உயர்வான். கணக்கு வராமல் அங்கே காலம் தள்ள முடியாது. திண்ணைப் பள்ளியில் முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, மாகாணி என்றால் 16இல் ஒரு பங்கு என்று மணலில் எழுதியும் வாயால் ஒப்பித்தும் மனப்பாடம் செய்த காலம் அது. அந்தப் பிரம்படி எனக்கு வேண்டாம். ஆனால் சுவடியைப் பார்க்காமல் சொல்லச் சொன்னதில் தப்பில்லை.

அக்கா மகளிடம் நோட்டை மூடச் சொன்னேன். "நுரையீரல்லேர்ந்து இதயத்துக்கு ரத்தத்தைக் கொண்டுவர்றது எது?"

"நுரையீரல் தமனி. நல்ல ரத்தம்னா தமனிதானே?"

நோட்டைத் திறந்தாள். அதே இடத்தில், அவள் கையாலேயே சிவப்பு அடித்து, பக்கத்தில் "நுரையீரல் சிரை" என்று எழுதியிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு நாள்காட்டியில் பழைய தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் வெறும் பேனாவால் இதயத்தை வரைய ஆரம்பித்தாள். நோட்டு மூடியே இருந்தது.