பேசுபவரை விட்டுவிட்டு மற்றவர்களைப் பாருங்கள்

குரூப் நடத்த ஆரம்பித்த முதல் வருடம். துணையை இழந்தவர்களுக்கான ஆதரவுக் குழு ஒன்று என் பொறுப்பில் இருந்தது. 9 பேர், வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம். (யாரென்று தெரிந்துவிடாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி ஓரமாக உட்கார்ந்து கவனிப்பாள். நான்காவது வாரம் எல்லோரும் போன பிறகு, "இன்னைக்கு எப்படி இருந்தது?" என்று அவளிடம் கேட்டேன். உண்மையைச் சொன்னால், பாராட்டை எதிர்பார்த்துத்தான் கேட்டேன். அவள் ஒரு தாளை நீட்டினாள்.

தாளில் வட்டமாக 10 சின்ன வட்டங்கள். ஆளுக்கு ஒன்று, என்னையும் சேர்த்து. யார் யாரைப் பார்த்துப் பேசினாலும் ஒரு அம்புக்குறி. கிட்டத்தட்ட எல்லா அம்புகளும் என்னிடம் வந்து, என்னிடமிருந்தே திரும்பிப் போயிருந்தன. சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போல.

"ரெண்டு பேருக்கு மட்டும் கோடே இல்ல மேடம்" என்றாள்.

அந்த இருவரில் ஒருவர், கைப்பையை மடியிலிருந்து இறக்காமல் உட்காரும் ஓர் அம்மா. நான்கு வாரமும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாராம். நான் ஒருமுறைகூட அதைப் பார்க்கவில்லை. பேசுகிறவரின் கண்ணைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்றுதான் எனக்குப் பயிற்சி. தனிநபர் ஆலோசனைக்கு அது சரி. குழுவில் அதையே செய்தபோது, ஒருவர் பின் ஒருவராக 9 தனி கவுன்சிலிங்கை ஒரே அறையில் நடத்திக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அந்த அம்மா வரவில்லை. போன் செய்தேன். "அங்க எனக்குப் பேச ஒண்ணும் இல்லைங்க" என்றார். அப்புறம் அவர் வரவே இல்லை.

பாஸ்டன் நகரத்தில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் 1905-இல் காசநோயாளிகளை வாரம் ஒருமுறை கூட்டினார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வசதியில்லாதவர்கள் அவர்கள். ஓய்வு, சுத்தமான காற்று, தினசரிக் குறிப்பு என்று வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொடுக்கத்தான் கூட்டம். அதற்கு வகுப்பு என்றே பெயர். ஒரே நோயோடு இருப்பவர்கள் சேர்ந்து உட்காருவதே ஒரு பலம் என்பது போகப்போகத் தெரியவந்தது. குழு சிகிச்சையின் தொடக்கமாக இதைச் சொல்வார்கள். வந்தவர்களுக்கு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கிடைப்பதுதான் மருந்து. எல்லா அம்பும் என்னிடமே வந்தால் அது கிடைக்க வழியில்லை.

இப்போது என் பழக்கம் இது: ஒருவர் பேச ஆரம்பித்ததும் சில நொடிகள் அவரைப் பார்ப்பேன், அப்புறம் கேட்கிறவர்கள் பக்கம் பார்வையைத் திருப்பிவிடுவேன். இதில் இரண்டு லாபம். யார் தலையாட்டுகிறார், யார் கண் கலங்குகிறது, யார் கால் திடீரென்று ஆட ஆரம்பிக்கிறது, யார் கடிகாரத்தைப் பார்க்கிறார் என்பதெல்லாம் தெரியும். இன்னொன்று, என் பார்வை போன திசையிலேயே பேசுகிறவரின் பார்வையும் கொஞ்ச நேரத்தில் போகும். மற்றவர்களைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார். ஆரம்பத்தில் இது மரியாதைக் குறைவாகத் தோன்றும். அதனால் முதல் நாளே, "நீங்க பேசும்போது நான் எல்லாரையும் பார்ப்பேன், கேட்கலைன்னு நினைச்சுக்காதீங்க" என்று சொல்லிவிடுகிறேன்.

என்ன பேசுகிறார்கள் என்பது ஒன்று. யார், எதற்குப் பிறகு, யாரை நோக்கிப் பேசுகிறார் என்பது வேறு. ஒருவர் அழுது முடித்து அரை நிமிடம் ஆகியிருக்காது, "இந்த ஃபேன் ஏன் இவ்வளவு சத்தம் போடுது?" என்பார் இன்னொருவர். உடனே நான்கு பேர் ஃபேனைப் பற்றிப் பேசுவார்கள். புதிதாக வந்த ஒருங்கிணைப்பாளர் எழுந்து ஃபேனை நிறுத்துவார், நானும் நிறுத்தியிருக்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவ மனநல மருத்துவராக இருந்த வில்ஃப்ரெட் பயான் குழுக்களில் கவனித்தது இந்த மாதிரி நழுவல்களைத்தான். வந்த வேலையை விட்டுவிட்டு, தலைவர் வந்து காப்பாற்றுவார் என்று காத்திருப்பது, சண்டை பிடிப்பது அல்லது ஓடுவது, இருவரை ஜோடி சேர்த்து அவர்களால் ஏதோ நடக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பது என்று மூன்று போக்குகளை அவர் பிரித்துச் சொன்னார். ஃபேன் பேச்சு இதில் ஓடுவது என்ற வகை. இந்த இடத்தில் நான் சொல்வது ஒரே வாக்கியம்: "அவர் அழுததும் நாம ஃபேனுக்குப் போயிட்டோம், கவனிச்சீங்களா?" குற்றம் சாட்டும் குரல் வந்துவிடக் கூடாது. அந்த 'நாம' முக்கியம்.

ஒருவரே பேசிக்கொண்டிருக்கும் குழுவைப் பற்றித்தான் பயிற்சி மாணவர்கள் அதிகம் கேட்கிறார்கள். அவரை அடக்குவது எப்படி என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். மற்ற 8 பேரும் ஏன் அவரைப் பேச விட்டிருக்கிறார்கள்? பல சமயம் அவர் பேசும் வரைக்கும் மற்றவர்கள் வாய் திறக்க வேண்டியதில்லை, அது அவர்களுக்கு வசதி. "நீங்க சொன்னதுல ரெண்டு மூணு விஷயம் இருக்கு, கேட்டவங்களுக்கு என்ன தோணுச்சுன்னு பார்க்கலாமா?" என்று பேச்சை வட்டத்துக்குள் அனுப்பினால் போதும். அதற்கும் நிற்காதவரை செஷனுக்கு வெளியே தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன். எல்லோர் முன்னாலும் ஒருவரை மடக்கினால், அதுவரை பேசாதவர்கள் இனி பேசவே மாட்டார்கள்.

சரி, அப்படியானால் எதிலும் தலையிடாமல் இருப்பதுதான் நல்ல தலைமையா? அந்தத் தாளைப் பார்த்த பிறகு நான் அந்தப் பக்கம் சாய்ந்தேன். இரண்டு வாரம் கிட்டத்தட்ட வாயே திறக்கவில்லை. குழு தவித்துப்போனது. கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் என்ற உளவியலாளர்கள் மூவரும் 10, 11 வயதுப் பையன்களின் மன்றங்களை வைத்துச் செய்த ஆய்வு 1939-இல் வெளியானது. அதிகாரம் செய்யும் தலைவர் அறையை விட்டுப் போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசி நடத்திய தலைவர் போன பிறகும் வேலை நடந்தது. இதுவரை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். மூன்றாவது வகைத் தலைவரும் அதில் உண்டு, எதையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுபவர். அவருடைய குழுவும் சரியாக வேலை செய்யவில்லை. கலந்து பேசுவதும் கைகழுவுவதும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு நான் மூன்றாவது ஆளாகியிருந்தேன். நேரத்துக்குத் தொடங்குவது, முடிப்பது, யாரையும் யாரும் அவமதிக்காமல் பார்த்துக்கொள்வது, இவையெல்லாம் தலைவரின் வேலைதான். குழுவிடம் விட்டுவிட முடியாது.

ரகசியம் காப்பதைப் பற்றியும் முதல் நாளே பேச வேண்டும், நேர்மையாக. "என்னிடமிருந்து வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டும் விதிவிலக்கு" என்று என்னால் உறுதி தர முடியும். மற்ற 8 பேருக்காக என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. அதை அப்படியே சொல்லி, எல்லோரிடமும் சம்மதம் கேட்கிறேன். கவனிக்க வந்திருப்பவர் யார், என்ன எழுதுகிறார், அதை யார் படிப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுதியதை குழுவுக்கே காட்டலாமா? 1946-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நடந்த பயிற்சி முகாமில் இப்படி நடந்தது. பகலில் குழுக்களைக் கவனித்தவர்கள் மாலையில் லெவினோடு உட்கார்ந்து பார்த்ததைப் பேசுவார்கள். பங்கேற்பாளர்கள் சிலர் நாங்களும் கேட்கலாமா என்று வந்தார்கள், லெவின் அனுமதித்தார். தன்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்ட ஒருவர், அப்படி நடக்கவில்லை என்று மறுத்துப் பேசினார். பகலில் நடந்ததைவிட அந்த மாலைப் பேச்சில்தான் எல்லோரும் அதிகம் கற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு மெய்ன் மாநிலத்தின் பெத்தேல் ஊரில் இந்த முறையிலேயே பயிற்சிக் குழுக்கள் தொடங்கின. அதைப் பார்க்க லெவின் இல்லை. 1947 பிப்ரவரியில் இறந்துவிட்டார்.

இதைப் படித்த தைரியத்தில் அந்த அம்புக்குறித் தாளை என் குழுவின் நடுவில் வைத்தேன், பெயர்களை அடித்துவிட்டு. கொஞ்ச நேரம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னாள் ஆசிரியர் ஒருவர் சிரித்துவிட்டார். "நாங்க எல்லாரும் உங்ககிட்ட பாடம் ஒப்பிச்சிட்டு இருந்திருக்கோம்!" கோடே இல்லாத இன்னொருவர், "இதுல நான் எங்க?" என்று கேட்டார். அவரது வட்டத்தை நான் காட்டுவதற்குள் பக்கத்தில் இருந்தவர் விரல் வைத்துக் காட்டினார். குழுவில் அவர் பேசிய முதல் கேள்வி அது. பதில் சொன்னது நான் இல்லை.

கடைசி 10 நிமிடத்தில் மட்டும் எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. பெரிய விஷயங்கள் பையை எடுத்துக்கொண்டு எழும்போதுதான் வெளியே வரும். சாக வேண்டும் போலிருக்கிறது என்று யாராவது அப்போது சொன்னால், செஷன் முடிந்துவிட்டது என்று அனுப்ப முடியாது. ஒரு ஒருங்கிணைப்பாளர் அவரோடு தங்க வேண்டும். இருவராகக் குழு நடத்துவதன் அருமை அப்போது தெரியும்.

எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை உடனே அடுக்க நான் விடுவதில்லை. கால் மணி நேரம் நானும் இணை ஒருங்கிணைப்பாளரும் அங்கேயே உட்கார்ந்து குறிப்பு எழுதுவோம். போன வாரம் ஒரு நாற்காலி மட்டும் வட்டத்தை விட்டு ஓர் அடி பின்னால் போயிருந்தது. அதில் உட்கார்ந்திருந்தது யார் என்று இருவருக்கும் சட்டென்று நினைவு வரவில்லை. ஒவ்வொரு நாற்காலியாக எண்ணிக் கண்டுபிடித்தோம்.