பாட்டிலுக்குள் போன டானி ஒயினுக்கு வயது ஏறாது

போன வாரமும் ஒரு பாட்டில் வந்தது. பத்து ஆண்டு டானி போர்ட். போர்ட் என்பது போர்ச்சுகலின் ஸ்பிரிட் சேர்த்த இனிப்பு ஒயின்; டானி அதில் மரப்பீப்பாயில் பழுத்த வகை. பாட்டிலில் அடைத்த ஆண்டு 2003 என்று லேபிளிலேயே அச்சாகியிருந்தது. கல்யாணமான புதிதில் வாங்கி, சமையலறை அலமாரிக்கு மேலே பத்திரமாக வைத்திருந்தார்களாம். "இப்போ இது முப்பது வருஷ ஒயின்தானே?" என்று அந்த அம்மா ஆசையோடு கேட்டார். திறந்து ஊற்றினேன். உலர்ந்த அத்தி, ஆரஞ்சுத் தோல், வறுத்த பாதாம் என்று எழும்ப வேண்டிய வாசனை எதுவுமே இல்லை. இனிப்பும் தொண்டையில் ஸ்பிரிட்டின் காரமும்தான் மிச்சம்.

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் ஒயின் பரிமாறுவது என் தொழில். இப்படி வீணாகும் பாட்டில்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஒயின் என்றாலே பழசுதான் ஒசத்தி என்ற நினைப்பை யார் விதைத்தார்களோ! பழைய அரிசிக்குக் கொடுக்கும் மரியாதையை எல்லா ஒயினுக்கும் கொடுக்க முடியாது. உலகில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி, வாங்கிய ஓரிரு ஆண்டுக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுகிறது.

போர்ட்டை எடுத்துக்கொள்வோம். டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையில் செய்கிறார்கள். அந்த நிலப்பகுதிக்கு 1756லேயே எல்லை வகுத்துவிட்டார்கள். டானிக்கு வயது ஏறுவது மரப்பீப்பாயில். பலகை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று நுழையும், ஒயின் ஆவியாகிக் குறையும், சிவப்பு வெளுத்துப் பழுப்பாகும், வாசனை திரளும். லேபிளில் உள்ள 10, 20, 30, 40 எல்லாம் அந்தப் பீப்பாய் வயதைக் குறிக்கும் பாணி. பல வயது ஒயின்களைக் கலந்துதான் அதைக் கொண்டுவருகிறார்கள். பாட்டிலில் அடைத்த அன்றோடு அந்த வளர்ச்சி நின்றுவிடும். இருபது ஆண்டு டானியை வீட்டில் இன்னும் இருபது ஆண்டு வைத்தால் நாற்பது ஆண்டு டானி கிடைக்காது. களைத்துப்போன இருபது ஆண்டு டானிதான் கிடைக்கும். பாட்டிலில் அடைத்த ஆண்டை லேபிளில் போடச் சொல்வதே இதற்காகத்தான். தயவுசெய்து அதைப் படியுங்கள்.

வைத்துக் குடிக்க வேண்டிய போர்ட்டும் உண்டு, அது வின்டேஜ். ஒரே ஆண்டின் அறுவடை. இரண்டு மூன்று ஆண்டுக்குள் வடிகட்டாமல் அடைத்துவிடுவார்கள். கறுப்பும் துவர்ப்புமாக உள்ளே போனது, பாட்டிலுக்குள்ளேயே பல பத்தாண்டு பக்குவப்படும். இதைப் படுக்கவைத்து, குளிர்ந்த இருட்டில் வைக்க வேண்டும். குடிக்கும் முதல் நாள் நிமிர்த்தி வைத்தால் மண்டி அடியில் தங்கும். மேசைக்குக் கொண்டுவரும்போது தயவுசெய்து குலுக்காதீர்கள்!

வித்தியாசம் கண்டுபிடிக்க மூடியைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். மேலே பிளாஸ்டிக் தொப்பி வைத்து, கையால் திருகி எடுக்கும் குட்டைத் தக்கை இருந்தால், அது இப்போதே குடிக்க வேண்டிய போர்ட். நிற்கவைத்தால் போதும். வின்டேஜுக்கு நீளமான தக்கை. திருகி எடுக்கும் கருவி வேண்டும்.

வின்யூ வெர்டேயைச் சேமிக்கிறவர்களுக்கு என்ன சொல்வது? போர்ச்சுகலின் வடமேற்கு மூலையில், மழை மிகுந்த மின்யூ பக்கத்திலிருந்து வரும் ஒயின் அது. எலுமிச்சைப் புளிப்பு, நாக்கில் லேசான சுறுசுறுப்பு. நன்றாகக் குளிரவைத்து, வாங்கிய வருடமே வறுத்த மத்தி மீனோடு குடித்து முடியுங்கள். மொன்சாவ் பக்கத்து அல்வரின்யோ திராட்சையில் செய்த நல்லவை மட்டும் சில ஆண்டு தாங்கும். சிவப்பு ஒயினில், போர்ச்சுகலின் பைராடா பகுதியில் பாகா என்ற திராட்சையில் செய்த ஒயின் இளமையில் வாயைக் கட்டும். அதற்குப் பொறுமை வேண்டும்.

திறந்த பிறகும் கணக்கு உண்டு. வின்டேஜ் ஓரிரு நாள், ரூபி என்ற இளஞ்சிவப்பு மாறாத இளம் போர்ட் ஒரு வாரம் பத்து நாள், டானி மூன்று நான்கு வாரம், அதுவும் ஃபிரிட்ஜில் வைத்தால். மதேரா தீவின் ஒயின் மட்டும் மாதக்கணக்கில் அசையாது. செய்யும்போதே சூட்டையும் காற்றையும் பார்த்துவிட்ட ஒயின் அது.

அப்புறம், இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். போர்ட் இனிக்கிறது என்பதற்காகப் பெரிய கிளாஸில் ஊற்றிக் குடிக்கிறார்கள். நொதித்துப் பொங்கிக்கொண்டிருக்கும் சாற்றில், 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சை ஸ்பிரிட்டை ஊற்றி நொதிப்பை நிறுத்திய ஒயின் இது. இதில் ஆல்கஹால் 19 முதல் 22 சதவீதம். 13 சதவீத சாதாரண ஒயின் பாட்டிலில் சுமார் 98 மில்லி ஆல்கஹால் என்றால், 20 சதவீத போர்ட்டில் 150 மில்லி. இனிப்பு அதை மறைத்துவிடும். சின்ன கிளாஸ், அதில் 60 மில்லி போதும்.

"ரத்தம் ஊறும், நிறம் கூடும்" என்று வீட்டுப் பெண்களுக்கு வாங்கிப்போகும் நம் ஊர்க்காரர்களையும் பார்க்கிறேன். எதுவும் ஊறாது. கர்ப்பிணிகளுக்கு ஒரு வாய்கூட வேண்டாம்.

டூரோ பக்கம் காரில் போகிறவர்களே, ரேகுவாவிலிருந்து பின்யாவ் வரை ஆற்றை ஒட்டிய சாலை முழுக்க வளைவு. வண்டி ஓட்டுகிறவருக்கு இங்கே சட்டப்படி ஆல்கஹால் வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராமுக்குக் கீழே. லைசென்ஸ் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்கு 0.2. ஒயின் ருசி பார்க்கும் ஒவ்வொரு தோட்டத்திலும், வாயில் வைத்ததைத் துப்புவதற்கென்று ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். நாங்களே அதில் துப்பிவிட்டுத்தான் வேலை பார்க்கிறோம்; வண்டி ஓட்டப்போகிறவர் கூச்சப்படாமல் கேட்டு வாங்கித் துப்பலாம்.