போன் கீழே விழவில்லை, கேமரா மட்டும் நடுங்குகிறது

என் போன் ரிப்பேர் கடைக்கு இந்த மாதத்தில் இப்படி வருவது இது நாலாவது. போனை மேசைமேல் வைத்ததும் அந்தத் தம்பி சொன்னதும் அதேதான்: "கீழ விழவே இல்லண்ணே." கேமராவைத் திறந்தேன். படம் கொதிக்கிற பால் மாதிரித் தளும்பியது. காதருகே கொண்டுபோனால் கொசு ரீங்காரம். வைட் ஆங்கிளுக்கு மாற்றினால் மட்டும் நல்ல பிள்ளையாக நின்றது.

"பைக் ஹேண்டில்பார்ல மாட்டுவியாப்பா?"

"ஆமாண்ணே, மேப் பாக்க. போன வாரம் கொல்லிமலை போனோம்."

சரி, முடிந்தது கதை. மெயின் கேமராவின் ஓஐஎஸ், அதாவது கை நடுங்கினாலும் படம் ஆடாமல் பார்த்துக்கொள்கிற அமைப்பு, போய்விட்டது.

"ஆட்டத்தைத் தாங்கத்தானே ஓஐஎஸ் வச்சிருக்கான்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. தாங்குவதற்கு இல்லை ஐயா! அது ஷாக் அப்சார்பர் இல்லை. உங்கள் கை ஒரு பக்கம் அசைந்தால், லென்ஸைக் கொஞ்சம் நகர்த்தி அதை ஈடுகட்டுகிற வேலைதான் அதற்கு. அப்படி நகர வேண்டுமென்றால் லென்ஸ் இறுக்கமாக இருக்கக் கூடாது. மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டு, காந்தமும் கம்பிச் சுருளும் இழுக்கிற பக்கம் போக வேண்டும். அதனால் போனிலேயே அதிர்வுக்கு முதலில் பலியாவது அதுதான். கை நடுக்கம் நொடிக்குப் பத்துத் தடவை அளவில் இருக்கும். 3000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்றில், ஓடும் இன்ஜின் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது, அதுவும் மணிக்கணக்கில். கேமரா ஆப்பை மூடிவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். லென்ஸ் அப்போதும் அங்கேதான் தொங்குகிறது. லென்ஸுக்குப் பதில் படத்தைப் பதிவு செய்கிற சென்சார் நகர்கிற புது மாடல்களுக்கும் இதே கதிதான்.

ஆரம்பத்திலிருந்தே இது கைக்காகச் செய்த பொருள். 1995-ல் வந்த கேனான் 75-300 ஐஎஸ் கேமரா லென்ஸை ட்ரைபாடில் மாட்டினால் ஐஎஸ்ஸை, அதாவது இதே நடுக்கம் தடுக்கிற வசதியை, அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் இல்லாத நடுக்கத்தைத் தேடி அதுவே படத்தை ஆட்டும். அதைப் பஞ்சு வைத்த பையில் பொத்திப் பொத்திக் கொண்டுபோனார்கள். 2012-ல் நோக்கியா லூமியா 920, 2014-ல் ஐபோன் 6 ப்ளஸ் என்று அதே வித்தை போனுக்குள் வந்தது. நாம் அதைக் கொண்டுபோய் ஹேண்டில்பாரில் திருகி வைக்கிறோம். சக்தி அதிகமான இன்ஜின் உள்ள மோட்டார் சைக்கிளில் மாட்டாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. யார் படித்தார்கள்?

பெரிய இன்ஜின் பைக்கில் மாட்டவே மாட்டாதீர்கள். ஸ்கூட்டரோ மொபெட்டோ என்றால் அதிர்வைக் குறைக்கிற ரப்பர் டேம்பர் வைத்த ஹோல்டர் வாங்குங்கள், அதிலும் நாள் முழுக்க வேண்டாம். டெலிவரி வேலை பார்க்கிற தம்பிகளே, மேப் இல்லாமல் உங்களுக்குப் பிழைப்பு இல்லை என்று தெரியும். ஓஐஎஸ் இல்லாத பழைய போன் ஒன்று வீட்டில் கிடந்தால் அதை மாட்டிக்கொள்ளுங்கள், புதியது பாக்கெட்டிலேயே இருக்கட்டும். கேமரா நடுங்கினால் காந்தம் வைப்பது, தட்டிப் பார்ப்பது எல்லாம் வேண்டாம். வீடியோவில் காட்டுகிற அந்த வைத்தியம் என் மேசையில் ஒரு நாளும் பலித்ததில்லை. பெரும்பாலும் கேமரா மாட்யூலையே மாற்ற வேண்டியதுதான்.

அப்புறம், போனை லேசாக ஆட்டினால் கேமரா பக்கம் 'கடகட' என்கிறது என்று பதறி ஓடி வருகிறவர்களும் உண்டு. கேமராவைத் திறந்ததும் அந்தச் சத்தம் நின்று, படமும் தெளிவாக இருந்தால் கோளாறு ஒன்றுமில்லை. தொங்குகிற லென்ஸ் ஆடுகிறது, அவ்வளவுதான். அதற்காகக் கடைக்கு வர வேண்டாம்.