டச்சஸ்: கோமகளா, கோமகன் மனைவியா?

டாக்டரம்மா என்றால் வைத்தியம் பார்க்கிறவர். டாக்டரின் மனைவியைச் சொல்ல வேண்டுமென்றால் 'டாக்டர் வீட்டம்மா' என்போம், குழப்பமே வராது. ஐரோப்பாவில் டியூக் என்பது பெரிய பிரபுக்களின் பட்டம், அதன் பெண்பால் டச்சஸ். அந்தச் சொல்லில் இந்த வசதி இல்லை. டியூக்கைக் கல்யாணம் செய்துகொண்டவரும் டச்சஸ், பிறந்த வீட்டுப் பட்டத்தைத் தானே ஏற்றவரும் டச்சஸ்.

வேர்ச்சொல் லத்தீனில் 'டூக்ஸ்', அதாவது நடத்திச் செல்பவர். ரோமப் பேரரசின் பிற்காலத்தில் எல்லைப் படைத் தளபதிகளுக்கு இருந்த பதவிப் பெயர் அது; போகப் போக நிலத்தோடு ஒட்டிக்கொண்டு, அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும் பட்டமாகிவிட்டது. பெண்பால் லத்தீனில் டூக்கிஸ்ஸா, பிரெஞ்சில் டூஷெஸ்.

பிரான்சின் தென்மேற்கில் இருந்த அக்கித்தேன் பகுதியின் எலினோரைப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று தெரியும். 1137 ஏப்ரலில் அவருடைய அப்பா, பத்தாம் கியோம், ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ என்ற புனிதத் தலத்துக்கு யாத்திரை போன இடத்தில் இறந்துபோனார். ஒரே தம்பி ஏற்கெனவே இறந்துவிட்டதால் அக்கித்தேன், புவாத்தூ, காஸ்கனி எல்லாம் பதின்ம வயது எலினோருக்கு வந்தன. அதே ஜூலையில் போர்தோவில் கல்யாணம், மாப்பிள்ளை பிரான்சு இளவரசர் லூயி, சில நாளில் அவரே ஏழாம் லூயி. 1152 மார்ச்சில் அந்தத் திருமணம் செல்லாது என்று ஆனபோது எலினோர் தன் நிலத்தோடு வெளியே வந்தார், லூயியால் அதை வைத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டே மாதத்தில் வட பிரான்சின் நார்மண்டி டியூக் ஹென்றியை மணந்தார். 1154இல் ஹென்றி இங்கிலாந்துக்கு அரசரான பிறகு எலினோரின் சாசனங்களில் இங்கிலாந்து அரசி, நார்மண்டி, அக்கித்தேன் டூக்கிஸ்ஸா என்று வரிசையாக வரும். நார்மண்டி புருஷன் வழி, அக்கித்தேன் அப்பா வழி, ஆனால் இரண்டுக்கும் ஒரே சொல்!

லூவர் அருங்காட்சியகத்தில், தேன்கூடு போல மேலெல்லாம் செதுக்கிய ஒரு படிகக் குடுவை இருக்கிறது. தாத்தாவிடமிருந்து எலினோருக்கு வந்து, அவர் லூயிக்குக் கொடுத்தது. அதன் அடிப்பட்டையில் பொறித்திருக்கும் வாசகம் அவரை 'மணமகள்' என்றுதான் சொல்கிறது. அந்தக் கல்யாணத்துக்கு முன்பே அவர் பட்டத்துக்கு உரியவர் என்பது அதைப் படித்தால் தெரியாது.

சரி, தமிழில் என்ன எழுதலாம்? டியூக்குக்குக் கோமகன், டச்சஸுக்குக் கோமகள் என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. கோ என்றால் அரசன், தலைவன். அப்படிப் பார்த்தால் கோமகள் என்பது தலைவனின் மகள், மனைவி இல்லை. அதனால் அப்பா வழியில் பட்டம் பெற்றவருக்கு மட்டும் கோமகள் என்பதை வைத்துக்கொள்ளலாம், கல்யாணத்தால் வந்தவரைக் கோமகன் மனைவி என்றே எழுதிவிடலாம் என்பது என் கருத்து. சட்டப் பாங்கில் சொல்ல வேண்டிய இடத்தில் 'தன்னுரிமைக் கோமகள்' பொருந்தும். இந்தக் கணக்கில் எலினோர் 1137இலிருந்து அக்கித்தேனின் கோமகள், 1152இலிருந்து நார்மண்டிக் கோமகனின் மனைவி.